அவள் விழித்திருக்கும்போது வா

பிரபு, உனக்கு நான் இதுவரை கடிதம் எழுதியதில்லை. எழுதும்படி நீயும் முன்பெல்லாம் தூரமாக எங்கும் இருந்ததில்லை. மஸ்கட்டுக்குப் போன பிறகும் போன் இருக்கிறது, முகம் தெரிகிறது, கடிதம் எதற்கு என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் "சரிப்பா, டூட்டிக்கு நேரமாச்சு" என்கிறாய். கடிதத்தில் அப்படிக் குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான் இது. இங்கே மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. உன் மகள் யாழினி பால்வாடிக்குப் போயிருக்கிறாள். எதிர்வீட்டு செல்வி தன் பிள்ளையோடு அவளையும் கூட்டிக்கொண்டு வரும்வரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது. தபாலில் போட்டால் உனக்கு என்றைக்கு வந்து சேருமோ, அதனால் நிவேதாவிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லப் போகிறேன். நிவேதா யார் என்று பிறகு சொல்கிறேன். டூட்டி முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படி.

நேற்று நீ அனுப்பிய செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கீதாவின் அக்கா வனிதா விழுப்புரத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறாள், யாழினியை இனிமேல் அவளே வைத்து வளர்ப்பாள் என்று எழுதியிருந்தாய். அதுவரைக்கும் சரி. அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாயே, "மத்தியானம் தூங்கும்போதே தூக்கிக் கார்ல படுக்க வெச்சிடுங்கப்பா, முழிச்சா அழுவா" என்று, அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன்மேல் கோபமா என்று கேட்டால் கோபம்தான். ஆனால் உன்மேல் மட்டும் இல்லை. இந்த வித்தையை உனக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

நான் மில்லுக்குப் போன காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். காலை ஷிப்ட் என்றால் சங்கு ஊதுவதற்குள் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். நீ அப்போது சின்னப் பிள்ளை. நான் போவது பிடிக்காமல் என் துண்டின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குவாய். நான் எழுந்தால் துண்டு இழுபடும், விழித்துக்கொள்ளலாம் என்பது உன் கணக்கு. ஓடுகிற தறியில் பக்கத்து நூலைத் தொடாமல் அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போடுகிற கை இது, என்னிடமா நடக்கும்? உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துண்டை உருவிக்கொண்டு, சைக்கிளைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் அங்கேதான் ஏறுவேன். உன் அம்மா வாசலில் நின்று சிரிப்பாள். பிள்ளையை ஏமாற்றுவதில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பாள். எனக்கு அதில் பெருமை வேறு. நம் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். குழந்தை இருக்கிற வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. ஒருத்தர் காக்காயைக் காட்டுவார், இன்னொருத்தர் கொல்லைப்பக்கமாக நழுவிவிடுவார். நீ எழுந்து வெறுங்கையைப் பார்த்து என்ன செய்தாய் என்று நான் உன் அம்மாவை ஒருநாளும் கேட்டதில்லை. இனிமேல் கேட்க அவளும் இல்லை.

கீதாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. காய்ச்சல் முற்றி அவளால் நிற்க முடியவில்லை. விடியற்காலையில் ஆட்டோ வந்து நின்றது. யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். கீதா அவள் தலையைத் தடவக் கையை நீட்டினாள். எழுப்பாதே, எழுந்தால் உன்னை விடமாட்டாள் என்று நான்தான் தடுத்தேன். கீதா கையை இழுத்துக்கொண்டாள். அந்தக் கை பாதியில் நின்றது இன்றைக்கும் என் கண்ணிலேயே இருக்கிறது. நாலைந்து நாளில் திரும்பி வரப்போகிறவள் என்று நினைத்துச் சொன்னேன் பிரபு, தெரிந்தா சொன்னேன்? பிறகு அவளைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது யாழினி போய்க் கன்னத்தைத் தட்டி எழுப்பப் பார்த்தாள். யாரோ ஓர் உறவுக்காரம்மா அவளைத் தூக்கிக்கொண்டு, அம்மா தூங்குறாம்மா, தொந்தரவு பண்ணக் கூடாது என்று சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு வேறு என்ன சொல்வது என்று அங்கே யாருக்குத் தெரியும்?

அடுத்த மாதமே நீ கிளம்பிவிட்டாய். உன்னை நான் குறை சொல்லவில்லை. கீதாவின் புடவை கொடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு நீ சுவரில் தலையை முட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். இந்த வீட்டில் உன்னால் மூச்சுவிட முடியவில்லை என்று எனக்குத் தெரியும். போய்விட்டு வரட்டும், ஆறட்டும் என்றுதான் நினைத்தேன். கிளம்புகிற அன்றைக்கு நீ யாழினி பக்கத்தில் போய் நின்றாய். உன் முகம் போன போக்கைப் பார்த்து நான்தான் உன் தோளைப் பிடித்துத் தள்ளினேன். "தூங்கும்போதே கெளம்பிடுடா, எழுந்துட்டா ரெண்டு பேரும் தாங்க மாட்டீங்க" என்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாய். துண்டை உருவிக்கொண்டு போன அப்பனுக்கு அப்படியே பிறந்த பிள்ளை.

அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை. இதை நான் உனக்குப் போனில் சொன்னதில்லை. அங்கே தனியாக இருக்கிறவனை எதற்கு வதைப்பது என்று விட்டுவிட்டேன். கண் சொருகும், தலை சாயும், உடனே திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள். நான் இருக்கிறேனா என்று என் சட்டையைத் தொட்டுப் பார்ப்பாள். மறுபடி கண்ணைத் தேய்த்துக்கொண்டு விழித்திருப்பாள். ஊஞ்சல் கட்டி ஆட்டினேன், தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரை வரைக்கும் நடந்தேன், திருஷ்டி கழித்தேன், தர்காவில் போய் மந்திரித்துத் தாயத்துக் கட்டினேன். பூச்சிக்கு மருந்தும் கொடுத்தேன். சில நாள் எனக்கும் பொறுமை போய், கட்டிலில் கிடத்தி, தூங்கு சனியனே என்று அதட்டியிருக்கிறேன். அதட்டினால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். மூடின கண்ணுக்குள் விழி உருண்டுகொண்டே இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நிவேதா வந்தாள். சின்னக் குழந்தை இருக்கிற வீடுகளுக்கு ஒரு டிரஸ்டிலிருந்து ஆள் அனுப்புகிறார்கள், உங்கள் வீட்டைச் சொல்லியிருக்கிறேன் என்று பால்வாடி டீச்சர் சொன்னார். யாரோ வயசான அம்மா வந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் தருவார்கள் போல என்று நான் நினைத்தேன். வந்தது லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண். கல்யாணம்கூட ஆகவில்லை. பிள்ளை வளர்த்துப் பேத்தியும் எடுத்தவனுக்குப் பாடம் நடத்த இவள் வந்துவிட்டாளா என்று எனக்குச் சுருக்கென்றது. அதை முகத்திலும் காட்டினேன். அவள் கண்டுகொள்ளவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து நாலு டப்பா மூடியை எடுத்து என் கையில் கொடுத்தாள். குழந்தை கையில் இல்லை, என் கையில். விளையாடுங்க தாத்தா என்றாள். எனக்கு வந்ததே கோபம், அப்போ நீ எதுக்கும்மா வந்தே என்று கேட்டுவிட்டேன். "நான் வாரத்துல ஒரு நாள் வந்துட்டுப் போறவ தாத்தா. மத்த நாளெல்லாம் அவளுக்கு நீங்கதான்" என்றாள்.

அவள் வேலை செய்கிற முறையே அதுதான். இத்தனை நாளில் அவள் யாழினியைத் தானாகத் தூக்கிக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. குழந்தை அழுதால்கூட என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள், நீங்கள் போங்கள் என்று கண்ணால் காட்டுவாள். நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதாவது நன்றாகச் செய்துவிட்டால், இப்போ தட்டைக் கீழே வெச்சிட்டு அவ மூஞ்சியப் பாத்துப் பதில் சொன்னீங்களே, அது நல்லா இருந்துது தாத்தா என்பாள். மில்லில் இருபத்தெட்டு வருஷம் ஓடாய்த் தேய்ந்திருக்கிறேன், என் வேலையைப் பார்த்து நல்லா இருக்கு என்று ஒரு மேஸ்திரியும் சொன்னதில்லை. இந்தச் சின்னப் பெண் சொன்னதும் எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. முதல் நாள் கிளம்பும்போது, நீங்க சாப்பிட்டீங்களா, எப்போ தூங்குறீங்க என்று என்னைக் கேட்டாள். கீதா போன பிறகு வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் குழந்தை சாப்பிட்டதா என்றுதான் கேட்டார்கள். என்னை ஒருத்தரும் கேட்டதில்லை, நீயும்தான். அந்தப் பெண்ணுக்கு எதிரில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன்.

தூங்காத கதையை அவளிடம் சொன்னேன். எப்போதிலிருந்து, எப்படி என்று ஆதியோடு அந்தமாகச் சொல்லச் சொன்னாள். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, அவ தூங்கி எழுந்து பாக்கும்போது யாரு யாரு இல்லாமப் போயிருக்காங்க?"

பிரபு, நான் அதற்குப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கீதா என்றேன். பிரபு என்றேன். அதற்குமேல் வரவில்லை. ஏனென்றால் மூன்றாவது ஆள் நான். அவள் கொஞ்சம் கண் அசந்தால் போதும், செல்வியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீக்கடைக்கு நழுவிக்கொண்டிருந்தவன் நான். தூங்கினால் ஆள் போய்விடுகிறது. அம்மா தூங்கினாள், அம்மாவே போய்விட்டாள். இது அந்தப் பிஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் அவளுக்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தேன்.

நிவேதா என்னைத் திட்டவில்லை. எங்க வீட்லயும் இப்படித்தான் பண்ணுவாங்க தாத்தா என்றாள். எனக்கும் உறுதியாத் தெரியல, டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்தது ஒன்று இருக்கிறது, செய்து பார்ப்போமா என்று கேட்டாள். செய்யச் சொன்னது இவ்வளவுதான்: எங்கே போனாலும் அவளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குனிந்து, அவள் முகத்துக்கு நேராக முகம் வைத்து, தாத்தா டீக்கடைக்குப் போயிட்டு வரேன் என்று சொல்ல வேண்டும். அவள் அழுதாலும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொன்னபடி திரும்பி வர வேண்டும். வந்ததும், தாத்தா வந்துட்டேன் என்று சொல்ல வேண்டும். இதற்கு ஒரு படிப்பா என்று எனக்குத் தோன்றியது. செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் நாள் நான் சொன்னதும் என் காலைக் கட்டிக்கொண்டு அவள் கத்திய கத்தலில் செல்வி ஓடிவந்தாள். "இன்னா பெரிப்பா, புள்ளைய எதுக்கு இப்பிடி அழ உட்றீங்க, பேசாம நழுவிட வேண்டியதுதானே" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் பிடிவாதமாகப் போனேன். டீயைக் கையில் வாங்கியவன் குடிக்கக்கூட இல்லை, அப்படியே வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். வாசல் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தாத்தா வந்துட்டேன் என்று சொன்னேன். என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தாள். சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வந்த முதல் ஆள் நான்தானே.

பிறகு அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. குளிக்கப் போனால் சொல்லிவிட்டுப் போவேன். கொல்லைக்குப் போனால் சொல்லிவிட்டுப் போவேன். மழையில் கொடியில் கிடக்கிற துணியை எடுக்க ஓடும்போதுகூட நின்று சொல்லிவிட்டு ஓடுவேன், துணி நனைந்தால் நனையட்டும். அழுகை சிணுங்கலாகி, சிணுங்கல் நின்று, ஒருநாள் அவளே கேட்டுக்கு வந்து, போயிட்டு வா தாத்தா என்று கையை ஆட்டினாள். அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, மத்தியானம் என் பக்கத்தில் படுத்தவள், தாத்தா இருப்பியா என்று கேட்டாள். இருப்பேன் என்றேன். நீ எழுந்திருக்கும்போது இங்கேயேதான் இருப்பேன் என்றேன். கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் பிரபு. சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது, நான் நகரவில்லை. எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். கீதாவைப் பற்றிச் சொல்லவும் நிவேதாதான் எனக்குத் துணிச்சல் கொடுத்தாள். அம்மா தூங்கவில்லை, அம்மா உடம்பு சரியில்லாமல் செத்துப்போய்விட்டாள், இனிமேல் வரமாட்டாள், உன்னை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை என்று போட்டோவை வைத்துக்கொண்டு சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் என் உயிர் போய்விட்டது. அவள் போட்டோவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்பா? என்று கேட்டாள்.

அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், வருவார் என்றேன். நான் அவளுக்குச் சொன்னதில் இன்னும் நடக்காத ஒன்று அதுதான். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. அவள் தூங்குகிற நேரம் பார்த்து நீ போன் பண்ணுவது எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. தூங்கிட்டாளாப்பா, கொஞ்சம் காட்டுங்க என்பாய். நான் போனை அவள் முகத்துக்கு நேரே பிடிப்பேன். நீ அந்தப் பக்கம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாய். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, பகலில் பேசு, அவள் விழித்திருப்பாள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? வேலை இருக்குப்பா என்பாய். உனக்கு வேலை இல்லை. அவள் கண் கீதாவின் கண். அது மூடியிருந்தால்தான் உன்னால் பார்க்க முடிகிறது. எனக்குப் புரிகிறதுடா. எனக்கும் நெஞ்சு இருக்கிறது. ஆனால் உன் மகள் திறந்த கண்ணோடு உன்னைப் பார்த்து ஒன்றரை வருஷத்துக்குமேல் ஆகிறது. உன் போட்டோவைக் காட்டினால் அப்பா என்கிறாள், செவுத்துக்காரப்பா என்கிறாள், சுவரில் மாட்டியிருக்கிறதல்லவா. பக்கத்தில் கீதாவின் போட்டோ இருக்கிறது. அவளுக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியும் சொல்லு.

வனிதாவிடம் அனுப்பக் கூடாது என்று நான் முரண்டு பிடிப்பதாக நினைக்காதே. அனுப்பத்தான் வேண்டும். போன மாதம் நான் விழுந்தது உனக்குத் தெரியும். சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிட்டேன், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, சமையல்கட்டு வாசலில் சாய்ந்துவிட்டேன், அவ்வளவுதான் உனக்குச் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. செல்வி தற்செயலாக வந்து பார்த்தபோது யாழினி என் தலைமாட்டில் உட்கார்ந்து என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அழவில்லையாம். செல்வியைப் பார்த்ததும், "தாத்தா சொல்லாம தூங்கிட்டாரு" என்றாளாம். செல்வி என் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதாளாம். நான் கண்ணைத் திறந்தபோது அந்தப் பிள்ளை என் சட்டையை விடவில்லை. இழுத்த இழுப்பில் மேல் பட்டன் அறுந்து அவள் கையிலேயே இருந்தது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். அடுத்த தடவை செல்வி வராமல் போனால்? மூடின கண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு தடவை அவள் உட்காரக் கூடாது. வனிதா நல்லவள், அவளுக்குப் பிள்ளை இல்லை, அவள் வீட்டுக்காரரும் தங்கமானவர். நிவேதா அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை, அனுப்பாதீர்கள் என்றும் சொல்லவில்லை. என்ன முடிவானாலும் அவகிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க தாத்தா என்று மட்டும் கேட்டாள்.

அதனால்தான் வனிதாவுக்குப் போன் பண்ணி இந்த ஞாயிற்றுக்கிழமை வராதேம்மா என்று சொல்லிவிட்டேன். இரண்டு மூன்று தடவை சும்மா வந்து யாழினியோடு இருந்துவிட்டுப் போ, சாப்பாடு ஊட்டு, போகும்போது சொல்லிக்கொண்டு போ, பிறகு கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். மாமா, பிரபு தூங்கும்போதே தூக்கிக்கிட்டு வரச் சொன்னாரே என்று இழுத்தாள். அவன் கிடக்கிறான் என்றேன். அவள் தூங்கி எழுந்து கண்ணைத் திறக்கும்போது முன்பின் பழகாத வீட்டின் கூரையைப் பார்க்கக் கூடாது. இத்தனை மாதம் பாடுபட்டு நான் திருப்பிக்கொடுத்த தூக்கம் அது. அதை நீ ஒரு வரியில் எடுத்துக்கொண்டு போகக் கேட்கிறாய். நான் தரமாட்டேன் பிரபு. அவள் நடந்தேதான் அந்தக் காரில் ஏறுவாள். அழுவாள், அழட்டும். நானும் அழுவேன். அவளுக்கு எதிரிலேயே அழுவேன், அதில் தப்பில்லை என்று நிவேதா சொல்லியிருக்கிறாள்.

நீ வர வேண்டும். நான் கேட்பது அது ஒன்றுதான். ஒரு வாரம் லீவு போட்டுக்கொண்டு வா. வந்ததும் ஓடிப்போய்த் தூக்காதே, மிரளுவாள். தரையில் உட்கார். எதையாவது கையில் வைத்து உருட்டிக்கொண்டிரு, டப்பா மூடி இருக்கிறது, நான் தருகிறேன். அவளாக வருவாள், கொஞ்சம் நேரமாகும், நீ எழுந்து போய்விடாதே. கிட்டே வந்து உன் மூக்கையோ மீசையையோ தொட்டுப் பார்ப்பாள். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளாமல் அவளைப் பார். கீதாதான் தெரிவாள். தெரிந்தால் தெரியட்டும், அழுகை வந்தால் அழு, எங்கேயும் ஓடாதே. என்ன சொன்னாலும் பதில் சொல்லு. அப்புறம் விழுப்புரத்துக்கு நீயும் கூடப் போ. ஒரு நாள் இருந்துவிட்டு, கிளம்பும்போது குனிந்து அவள் முகத்தைப் பார்த்து, அப்பா வேலைக்குப் போயிட்டு வரேன் என்று சொல்லு. ஒரு தடவை அவளிடம் சொல்லாமல் போனாயே, அதை இப்போது சொல்லு. பிறகு சொன்னபடி வா. எப்போது வருவாய் என்பது உன் சௌகரியம், ஆனால் வா.

நேற்று நிவேதா வந்திருந்தாள். போகிற நாளுக்கு முன்னாலேயே விளையாட்டாகப் பழக்கிப் பார்க்கலாம் தாத்தா என்றாள். யாழினியின் தோளில் அவள் பால்வாடிப் பையை மாட்டிவிட்டேன். இத்தனை நாளும் போனது நான், கேட்டில் நின்று கையை ஆட்டியது அவள். இப்போது நீ போகணும், தாத்தா நிக்கணும் என்று சொன்னதும் அவளுக்கு ஒரே குஷி. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கேட்டுக்குப் பின்னால் நிறுத்தினாள். நான் குனியவில்லை என்று அதட்டி, என்னைக் குனியவைத்தாள். என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, "தாத்தா, யாழி போயிட்டு வரேன்" என்றாள். பெரிய மனுஷி மாதிரி நடந்து செல்வி வீட்டு வாசல் வரைக்கும் போனாள். நான் போயிட்டு வா என்று சொல்ல வேண்டும். நிவேதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. போய்த் திரும்பி வருகிறவனாக இருக்க அந்தப் பெண் எனக்கு எல்லாமும் சொல்லிக்கொடுத்தாள். கேட்டில் நிற்கிறவனாக இருக்க எனக்கு இன்னும் வரவில்லை. அதற்குள் யாழினி திரும்பி ஓடிவந்தாள். "யாழி வந்துட்டேன்" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். மழை தூற ஆரம்பித்தும் நிறுத்தவில்லை.

செல்வியின் குரல் தெருவில் கேட்கிறது, கூட்டிக்கொண்டு வருகிறாள். நான் எழுந்து கேட்டுக்குப் போக வேண்டும், போகாவிட்டால் தேடுவாள். அவள் காரில் ஏறுகிற அன்றைக்கும் நான் அங்கேதான் நிற்பேன். என்னிடம் குனியச் சொல்லுவாள், போயிட்டு வரேன் என்று சொல்லுவாள். நேற்று மாதிரியே உடனே ஓடிவந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் ஏறுவாள். இல்லை என்பதை அவளிடம் நான் முன்னாலேயே சொல்லியாக வேண்டும், அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ வா. நான் சொல்லும்போது பக்கத்தில் நில்.

உன் அப்பா